கடைசி வீட்டுக் குழாய்

05.06.2023, திங்கட்கிழமை

காலை 6.10க்குப் பராமரிப்பாளர் முப்பிடாதி வந்து கழிவுநீர் நிலையத்தின் கதவைத் திறந்தாள். வர வேண்டிய நேரம் 6.00. குறித்துக்கொண்டேன்.

இன்று மாதப் பரிசோதனை. மாவட்டப் பரிசோதனைக் கூடத்திலிருந்து செல்வி ஜெபராணி 10.40க்கு வந்து, நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை இரண்டு பாட்டில்களில் பிடித்துக்கொண்டார். ஒரு பாட்டிலில் தேதி ஒட்ட மறந்துவிட்டார். நான் சுட்டிக்காட்டிய பிறகு ஒட்டினார். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்தவன் நான். தேதியில்லாத பாட்டிலை என்னால் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. ஊரார் என்னைக் கம்பவுண்டரய்யா என்றே அழைக்கின்றனர். நான் பணியில் சேர்ந்த காலத்திலேயே அந்தப் பதவிப்பெயர் மாறிவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

நிலையத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதி வைப்பது நிலையக் குழுவின் செயலாளர் என்ற முறையில் என் கடமை. வாகைப்பொட்டலில் இருபத்திரண்டு வீடுகள். எல்லா வீட்டுக் கழிவுநீரும் மண்ணுக்கடியில் குழாய் வழியே ஊரின் வடகோடிக்கு வந்து, மூன்று அறைகள் கொண்ட மூடிய தொட்டியில் இறங்கி, கல்வாழை நட்ட சரளைப் படுகையில் வடிந்து, தெளிந்து, ஓடையில் சேர்கிறது. ஆடுமாடுகள் அந்த ஓடையில்தான் நீர் குடிக்கின்றன. 14.09.2021 அன்று திறந்து வைக்கப்பட்டது. வடகோடியில் எங்கள் வீடே கடைசி வீடு. மற்ற வீடுகளின் நீர் தெருக்குழாயில் கலந்து வருகிறது. எங்கள் குழாய் மட்டும் தனியே நேராகத் தொட்டியின் முதல் அறையில் இறங்குகிறது. பொறியாளரிடம் வாதாடி இந்த ஏற்பாட்டைப் பெற்றவன் நானே.

பஞ்சாயத்துத் தலைவர் கசமுத்து வந்திருந்தார்.

“மதினி எப்படி இருக்காக அண்ணாச்சி? ஆளையே பாக்க முடியலியே. பொத்திப் பொத்தி வச்சிருக்கியளே!”

நலமாக இருக்கிறாள், வீட்டுக்குள் நடமாடுகிறாள், வெளிக்காற்று மட்டும் ஆகாது என்று சொன்னேன்.

இது உண்மை அன்று. 19.04.2023 புதன்கிழமை அதிகாலை வாதம் தாக்கியதிலிருந்து என் மனைவி உலகம்மாளுக்கு வலப்பக்கம் அசைவில்லை. எழ இயலாது. எல்லாம் படுக்கையிலேயே. இதை ஒருவரிடமும் சொல்லக் கூடாது என்று, மருத்துவமனையிலிருந்து திரும்பிய 28.04.2023 அன்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். வாக்குத் தெளிவாக இல்லை. பிடி தெளிவாக இருந்தது.

இன்று துணிகள் ஐந்து. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து அலசினேன். தரையைப் பினாயிலால் இருமுறை துடைத்தேன். மாலையில், “நாத்தம் வருதா?” என்று குழறலாகக் கேட்டாள். இல்லை என்றேன்.

06.06.2023, செவ்வாய்க்கிழமை

துணிகள் நான்கு. பினாயில் ஒரு லிட்டர் பாட்டில் காலியாயிற்று. நேற்றுத்தான் திறந்தது.

12.06.2023, திங்கட்கிழமை

பரிசோதனை முடிவு வந்தது. நீரில் அழுக்கின் அளவு முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொண்ணூற்றாறு இருக்கிறது. இதுவரை இருபத்தைந்தைத் தாண்டியதில்லை. உடன் ஒரு கடிதம்: தொடர்ந்து மூன்று மாதங்கள் தேறாவிட்டால் நிலையம் மூடப்படும், காரணம் பராமரிப்பாளரின் கவனக்குறைவு எனத் தெரியவந்தால் குழு அவரை நீக்கலாம்.

கடிதத்தை முப்பிடாதிக்கு வாசித்துக் காட்டினேன். வேலியோரம் நின்றவாறே கேட்டாள். பதினேழு ஆண்டுகள் பீடி சுற்றி, நெஞ்சில் சளி கட்டி, மருத்துவர் நிறுத்தச் சொன்ன பிறகு கிடைத்த வேலை இது. கணவன் இல்லை. மகள் செங்கோட்டையில் விடுதியில் தங்கிச் செவிலியர் படிப்புப் படிக்கிறாள்.

“எம் மேல தப்பு இருந்தாச் சொல்லுங்கய்யா. திருத்திக்கிடுதேன். மூடிட்டுப் போன்னு மட்டும் சொல்லாதிய. திரும்ப அந்தப் பீடித் தட்டத் தூக்கி மடில வைக்க எனக்குத் தெம்பு இல்ல.”

காரணத்தைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்று கூறினேன். யாரோ ஏதோ ஊற்றுகிறார்கள். யார் என்பதைத் தேதிவாரியாக நிறுவுவேன்.

15.06.2023, வியாழக்கிழமை

வீடு வீடாக விசாரணை. காலை 8.00 முதல் 11.45 வரை. பதினான்கு வீடுகள் முடிந்தன.

மூன்றாம் வீட்டில் சாயப்பொடி வைத்திருந்தார்கள். ஆனால் பொங்கலுக்கு வாங்கி இன்னும் பிரிக்காதது. ஒன்பதாம் வீட்டில் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றியதை ஒப்புக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை, அதுவும் ஒரு கரண்டி. டீக்கடை இசக்கி பால் பாத்திரம் கழுவும் இடத்தைக் குனிந்து பார்த்தபோது, பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“காலைலேருந்து ஒவ்வொரு வீட்டு அங்கணக்குழியா மோந்து பாத்துட்டு வாரீரே கம்பவுண்டரய்யா,” என்றான் இசக்கி. “ஒம்ம வீட்டுல என்னய்யா ஊத்துதீரு? பன்னீரா?”

என் வீட்டில் சுத்தம் செய்வதைத் தவிர வேறு எதற்கும் எதுவும் ஊற்றப்படுவதில்லை என்று பதில் அளித்தேன். அத்துடன் சிரிப்பு நின்றது.

19.06.2023, திங்கட்கிழமை

துணிகள் ஆறு. பேதி. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

26.06.2023, திங்கட்கிழமை

சாரல் தொடங்கிவிட்டது. காற்று திசை மாறியதால் தொட்டியின் நாற்றம் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. அழுகிய முட்டையின் வாடை. ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டேன்.

பகல் 2.00 மணிக்கு உலகம்மாள் அழுதுகொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். இடக்கையால் மூக்கைக் காட்டினாள். பிறகு தன்னைக் காட்டினாள். இது உன்னுடைய வாடை அன்று, தொட்டியின் வாடை என்று விளக்கினேன். என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். “பொய்,” என்றாள். வாதம் வந்த பிறகு அவள் குழறாமல் சொன்ன முதல் சொல் அது.

பேச்சால் நிறுவ முடியாததைச் செயலால்தான் நிறுவ வேண்டும். இன்று முதல் காலை, மாலை இரு வேளையும் பினாயில். துணிகளுக்குப் பிளீச்சிங் பவுடர் இரண்டு கைப்பிடிக்குப் பதில் மூன்று.

03.07.2023, திங்கட்கிழமை

இரண்டாம் பரிசோதனைக்கு நீர் எடுத்தார்கள். கல்வாழை இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகிவிட்டன. முப்பிடாதி 6.15க்கு வந்தாள்.

10.07.2023, திங்கட்கிழமை

நூற்று நாற்பத்தொன்று.

செல்வி ஜெபராணி தாமே நேரில் வந்து, தொட்டியின் மூடியைத் திறந்து, குச்சியால் கிளறிப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்.

“உள்ள ஒண்ணும் உயிரோட இல்ல சார். இதுல வேலை பாக்குறது நாம இல்ல, கிருமிதான். அது அழுக்கைத் தின்னாத்தான் தண்ணி தெளியும். நாம சும்மா வாட்ச்மேன். இங்க அந்தக் கிருமியை யாரோ கொன்னுட்டு இருக்காங்க.”

முப்பிடாதி தலையசைத்தாள். “தோசமாவு மாதிரிதான்யா. புளிப்புச் செத்துப்போச்சுன்னா மாவு பொங்காது.”

என் பணிக்காலம் முழுவதும் கிருமியை ஒழிப்பதையே அறிவியல் என்று கற்றவன் நான். எனினும் இதன் நியாயம் புரிகிறது.

புரிந்த பின் நடவடிக்கை எடுக்க வேண்டும். பராமரிப்பாளரின் கவனக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், அவள் தாமதமாக வந்த ஒன்பது நாட்களைத் தேதியும் மணியும் இட்டு, விளக்கம் கோரும் குறிப்பு ஒன்றை எழுதி அவளிடம் கொடுத்தேன். நகலைத் தலைவருக்கு அனுப்பினேன்.

“அம்மன் கோயில் பக்கம் தெருச் சேம்பர்ல அடைப்பு எடுத்துட்டுத்தானய்யா இங்ஙன வாரேன்,” என்றாள். “ஒங்க வீடு இந்தக் கோடியில்லா, ஒங்களுக்குத் தெரியாது.”

அப்படியானால் அதை எழுத்தில் தர வேண்டும் என்றேன்.

“எனக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். கத எழுதத் தெரியாது.”

பிற்பகல் தென்காசி சென்று வந்தேன். பினாயில் ஐந்து லிட்டர் கேன் மூன்று. மொத்தமாக வாங்கினால் தரம் நன்றாக இருக்கிறது. காலாவதி 04.2025.

17.07.2023, திங்கட்கிழமை

ஆடி முதல் தேதி. இன்று அமாவாசை. இந்த ஆடியில் இரண்டு அமாவாசைகள், மற்றது 16.08.2023 அன்று வருகிறது.

முப்பிடாதி ஒன்பது வீடுகளில் சாணம் வாங்கிப் பெரிய பீப்பாயில் கரைத்துத் தொட்டியில் ஊற்றினாள். செத்த தொட்டிக்கு உயிர் கொடுக்க இதுவே வழி என்று ஜெபராணி சொல்லிச் சென்றாராம். முழங்கை வரை சாணத்துடன் நின்று, “மூணு நாளு யாரும் ஒண்ணும் ஊத்தாம இருந்தாப் போதும். அது பிழைச்சுக்கிடும்,” என்றாள்.

துணிகள் நான்கு.

20.07.2023, வியாழக்கிழமை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை 7.30க்கு, கழுவிய வாளி நீரைப் பின்புறம் எடுத்துச் சென்றேன். கொல்லைக் கதவு திறந்திருந்தது. வெளியே முப்பிடாதி நின்றிருந்தாள்.

“இருபத்தோரு வீட்டுக் குழாய் மூடியையும் தொறந்து பாத்தாச்சுய்யா. ஒங்க மூடி மட்டுந்தான் பாக்கி. தொறக்கட்டா?”

தேவையில்லை என்றேன்.

அவள் மூடியைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த வாளியைப் பார்த்தாள். பினாயில் கலந்த நீர் பால்போல வெளுத்திருந்தது.

“அத எங்ஙனய்யா ஊத்துவிய?”

வாளியைக் கீழே வைத்தேன்.

“தெனமுமா?”

“ரெண்டு வேள,” என்றேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்நேரம் உள்ளிருந்து உலகம்மாள் ஏதோ ஒலி எழுப்பினாள். முப்பிடாதி எழுந்து, என்னைக் கேட்காமலேயே உள்ளே போனாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டும், சத்தியம் செய்து கொடுத்தவன்.

உலகம்மாள் அவளைக் கண்டதும் போர்வையைக் கழுத்து வரை இழுக்க முயன்றாள். ஒரு கைதான் இருக்கிறது. போர்வை கோணலாக ஏறியது.

“நாத்தம்...” என்றாள்.

“அது ஒங்க மேல இல்லம்மா,” என்றாள் முப்பிடாதி. “தொட்டி நாத்தம். நான் தெனமும் அதுக்குள்ளதான நிக்கேன், எனக்குத் தெரியாதா? ஒங்ககிட்டப் பினாயிலு வாடதான் அடிக்கி. ஆசுபத்திரி பெஞ்சு கணக்கா.”

உலகம்மாள் அவளை நம்பினாள். நான் இருபத்து நான்கு நாட்களாகச் சொல்லியும் நம்பாதவள், அவள் ஒரே ஒருமுறை சொன்னதும் நம்பினாள்.

போகும்போது முப்பிடாதி சொன்னது: “துணிக்குச் சுடுதண்ணி, கொஞ்சம் சோப்பு, வெயிலு. அது போதும். ஜன்னலத் தொறங்க. மனுசி மூச்சு விடாண்டாமா?”

21.07.2023, வெள்ளிக்கிழமை

28.04.2023 முதல் 20.07.2023 வரை எண்பத்து நான்கு நாட்கள். நாளொன்றுக்குப் பினாயில் ஒரு லிட்டருக்குக் குறையாமல். பிளீச்சிங் பவுடர் தனி. வேறு எந்த வீட்டு நீரும் கலக்காமல் நேராக முதல் அறையில் இறங்கியிருக்கிறது. மருந்தின் அளவைக் கணக்கிடுவதே என் தொழிலாக இருந்தது. இந்தக் கணக்குக்கு எனக்குக் காகிதம் தேவைப்படவில்லை.

22.07.2023, சனிக்கிழமை

முப்பிடாதி மறுபடியும் சாணம் கரைத்து ஊற்றினாள். நான் வாளி எடுத்துக் கொடுத்தேன்.

24.07.2023, திங்கட்கிழமை

பினாயில் நிறுத்தி நான்கு நாட்கள். துணிகளை வெந்நீரில் அலசிக் கொல்லைக் கொடியில் காயப்போடுகிறேன். வெளியே தெரியாதிருக்க முன்வரிசையில் என் வேட்டிகளைத் தொங்கவிடுகிறேன். வீட்டில் வாடை இருக்கிறது. இருக்கும் என்று ஒப்புக்கொண்டால் அது அவ்வளவு பெரிதாக இல்லை.

குழுக் கூட்டம் 31.07.2023 அன்று என்று தலைவர் சொல்லி அனுப்பினார். பொருள்: பராமரிப்பாளரை மாற்றுவது.

30.07.2023, ஞாயிற்றுக்கிழமை

நாளை கூட்டத்தில் என் தவறைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். உலகம்மாளிடம், உன் பெயரை எடுக்காமல் சொல்கிறேன் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அது சம்மதமா என்று கேட்கவில்லை.

31.07.2023, திங்கட்கிழமை

மாலை 4.00 மணி. பள்ளிக்கூட வராந்தா. குழுவினர் ஐவரும் வந்திருந்தனர். முப்பிடாதியைத் தூணருகே நிற்க வைத்திருந்தார்கள்.

தலைவர் தம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். 10.07.2023 தேதியிட்ட என் குறிப்பு. ஒன்பது தேதிகள், ஒன்பது மணிகள். அவர் வாசிக்க வாசிக்க, என் சொற்றொடர்கள் எத்தனை கச்சிதமாக இருக்கின்றன என்பதைக் கேட்டேன். மறுக்க ஓர் இடமும் விட்டு வைக்கவில்லை நான்.

எழுந்து நின்றேன். தவறு முப்பிடாதியுடையது அன்று, என் வீட்டிலிருந்து சென்ற பினாயிலே தொட்டியைக் கெடுத்தது என்று சொன்னேன். இதற்கென ஒரு நாள் முழுவதும் தயாரித்த வாக்கியம் அது.

கசமுத்து சிரித்தார்.

“அண்ணாச்சி மனசு யாருக்கு வரும்? பாவம் பொம்பளன்னு பழியத் தன் தலைல போட்டுக்கிடுதாக.”

“உண்மையத்தான் சொல்லுதேன்,” என்றேன்.

“ஏன் அண்ணாச்சி, ரெண்டே பேரு இருக்க வீடு. மதினியும் எந்திச்சி நடமாடுதாகன்னு நீங்களே சொல்லுதிய. ஒரு தொட்டி சாகுத அளவுக்குப் பினாயிலு எதுக்கு ஊத்துதிய? யானையா கட்டி வச்சிருக்கிய?”

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கி, “கம்பவுண்டரய்யா கால் கழுவவே பினாயிலுதான்!” என்றான்.

எதற்கு என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு விடை சொன்னால் போதும். சொன்னால் நம்புவார்கள், நம்பாவிட்டாலும் வந்து பார்ப்பார்கள். ஊரே வந்து அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும். போர்வையை இழுக்க அவளுக்கு ஒரு கைதான் இருக்கிறது.

முப்பிடாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தீர்மானம் நிறைவேறியது. நாளை முதல் தலைவரின் மைத்துனன் பேச்சிமுத்து பராமரிப்பாளர். செயலாளர் என்ற முறையில் நான் கையொப்பம் இட வேண்டியிருந்தது. இட்டேன். தேதியும் இட்டேன்.

01.08.2023, செவ்வாய்க்கிழமை

நிலையத்தின் சாவியை முப்பிடாதி என் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். மணி தெரியவில்லை.

07.08.2023, திங்கட்கிழமை

மூன்றாம் பரிசோதனைக்கு நீர் எடுத்தார்கள். பேச்சிமுத்து 8.30க்கு வந்தான். தொட்டியின் எந்தப் பக்கம் உள்வாய், எது வெளிவாய் என்று என்னைக் கேட்டான். கல்வாழையில் புதுக்குருத்து விட்டிருக்கிறது.

14.08.2023, திங்கட்கிழமை

இருபத்தெட்டு. தேறிவிட்டது.

கசமுத்து லட்டுப் பெட்டியுடன் வாசலில் வந்து நின்றார்.

“பாத்தியளா அண்ணாச்சி? ஆள மாத்தினது ஒண்ணாந்தேதி. ரெண்டே வாரத்துல தண்ணி கண்ணாடி கணக்கா வந்துட்டு. இப்பமாவது ஒத்துக்கிடுதியளா, தப்பு யாரு மேலன்னு?”

20.07.2023 அன்று நான் பினாயிலை நிறுத்தியதையும், 22.07.2023 அன்று முப்பிடாதி சாணம் ஊற்றியதையும், அவற்றுக்கும் 01.08.2023க்கும் இடையே உள்ள நாட்களையும் அவருக்கு விளக்கினேன். லட்டை என் கையில் வைத்து, “ஒடம்பப் பாத்துக்கிடுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் திருந்தியது அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. மறுபடி ஊற்றினால் தொட்டி சாகும். அவள் குற்றமற்றவள் என்று ஊருக்குத் தெரியவரும். ஆடுமாடுகள் அந்த நீரைக் குடிக்கும். பகல் முழுவதும் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எஞ்சிய பினாயிலைப் பகல் 3.00 மணிக்குப் பேருந்தில் எடுத்துச் சென்று, வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

16.08.2023, புதன்கிழமை

இரண்டாம் அமாவாசை. முப்பிடாதியின் வீட்டுக்குப் போனேன். இரண்டு ஆண்டுகளாகத் தினமும் பார்த்தும், பக்கத்து ஊரில் அவள் வீடு எது என்று விசாரித்துத்தான் போக வேண்டியிருந்தது. மடியில் தட்டு வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இருமினாள். எழுந்திருக்கவில்லை. ஒரு முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டாள்.

கூட்டத்தில் நான் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க சொல்லுவியன்னு பாத்துட்டே நின்னேன்யா,” என்றாள், விரல்களை நிறுத்தாமல். “நான் சொல்லிருந்தா என்ன சொல்லுவாக? கம்பவுண்டரய்யா வீட்டு அம்மாவப் பத்தி நாக்குல பல்லுப் போட்டுப் பேசுதாம்பாக. நீங்கதான் சொல்லணும்.”

நான் தயாரித்துக் கொண்டுபோனதைச் சொன்னேன். என் வீட்டுக்கு வந்து உலகம்மாளைக் கவனித்துக்கொள்ளலாம், நிலையத்தில் கொடுத்த அதே சம்பளத்தைத் தருகிறேன், உலகம்மாளுக்கும் அவள்மீது நம்பிக்கை இருக்கிறது என்றேன். நல்ல யோசனை என்றே கருதியிருந்தேன்.

அவள் விரல்கள் நின்றன.

“பீ அள்ளுததுக்குக் கூப்பிடுதியளா?”

“அப்படி இல்ல...”

“அங்கயும் அதே பீத்தண்ணிதான். இல்லங்கல. ஆனா அங்ஙன நான் பிளாண்டு பாக்குத முப்பிடாதி. செபராணி மேடம் வந்தா எங்கிட்டதான் கேப்பாக. என் மக காலேசுல அம்மாவுக்கு என்ன வேலன்னு கேட்டா, தண்ணி சுத்திகரிக்க எடத்துல ஆப்பரேட்டர்னு சொல்லுவா. ஒங்க வீட்டுக்கு வந்தா என்ன சொல்லுவா?”

பிறகு குரலைத் தாழ்த்தி, “அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்துராமப் பாத்துக்கிடுங்க. ரெண்டு மணிக்கொருக்கத் திருப்பிப் படுக்க வைங்க,” என்றாள்.

மகளின் பாடம் அவளுக்கும் வந்திருக்கிறது போலும்.

17.08.2023, வியாழக்கிழமை

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை: 6, 8, 10, 12, 2, 4, 6, 8.

27.08.2023, ஞாயிற்றுக்கிழமை

உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: பினாயில், தொட்டி, கூட்டம், நான் உட்கார்ந்தது, முப்பிடாதியின் தட்டு. இரண்டு மணி நேரம் ஆயிற்று. நடுவில் அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன்.

கேட்டு முடித்ததும் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

“எளுதுங்க,” என்றாள்.

“ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோகும் உலகு.”

“தெரி...யட்டும்.” மூச்சு வாங்கியது. “அவ... நம்மளால...” அதற்கு மேல் சொல் வரவில்லை. இடக்கையால் என் சட்டைப் பையில் இருந்த பேனாவைத் தட்டினாள்.

28.08.2023, திங்கட்கிழமை

மாவட்ட அலுவலருக்கு மனு எழுதினேன். நான்கு பக்கங்கள். வாதம் தாக்கிய நாள், வீடு திரும்பிய நாள், பினாயிலின் அளவு, பரிசோதனை எண்கள், நிறுத்திய நாள், சாணம் ஊற்றிய நாள், தவறான தீர்மானம், ரத்து செய்யக் கோரிக்கை. உலகம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். என் கையொப்பத்தின் கீழே அவள் இடக்கைப் பெருவிரலைப் பதித்தாள். மை பரவிவிட்டது. திருத்தவில்லை. பதிவுத் தபால், பிற்பகல் 2.15.

திரும்பி வந்து வாசல் கதவையும் ஜன்னல்களையும் திறந்து வைத்தேன். மாலையில் இசக்கியின் மனைவி முதலில் வந்தாள். பிறகு நான்கைந்து பெண்கள். உலகம்மாள் போர்வையை இழுக்கவில்லை.

11.09.2023, திங்கட்கிழமை

பதில் வந்தது. ஒரு பக்கம்.

12.09.2023, செவ்வாய்க்கிழமை

காலை 9.00 மணிக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு முப்பிடாதியின் வீட்டுக்குப் போனேன். உலகம்மாளுக்குத் துணையாக இசக்கியின் மனைவி வந்திருந்தாள்.

முப்பிடாதி தட்டை இறக்கி வைத்துவிட்டு, “வாசிங்கய்யா,” என்றாள்.

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. நிலையம் தற்போது நல்ல முறையில் இயங்கி வருவதாலும், குழுவின் தீர்மானம் செயலாளராகிய தங்களாலேயே கையொப்பமிடப்பட்டிருப்பதாலும், முன்னாள் பராமரிப்பாளர் தொடர்பாக மேல் நடவடிக்கை தேவையில்லை எனக் கருதப்படுகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது.

அவளுக்குப் புரியும்படி ஒருமுறை எளிய பேச்சில் சொன்னேன். முதல்முறையே புரிந்திருந்தது.

“குடுங்க பாப்போம்,” என்று வாங்கினாள். காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். தன் பெயரை மட்டும் அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும்.

“எம் பேரு எங்ஙன இருக்குய்யா?”

நானும் பார்த்தேன். “முன்னாள் பராமரிப்பாளர்னு போட்டுருக்கு.”

“பேரு இல்லியா?”

“இல்ல.”

“செரி,” என்று கடிதத்தை நான்காக மடித்துத் திருப்பித் தந்தாள். “வெயிலு ஏறுததுக்குள்ள போங்க. பத்து மணிக்கு அம்மாவத் திருப்பிப் போடணும்லா.” தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

9.55க்கு வீடு சேர்ந்தேன். உலகம்மாளைத் திருப்பிப் படுக்க வைத்தேன். பிறகு மனுவின் நகலை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் பெயரை விட்டுவிட்டார்கள் என்று இன்னொரு கடிதம் எழுதும் எண்ணத்தில்தான் எடுத்தேன்.

நான்கு பக்கங்கள். பதினேழு தேதிகள். எங்கும் ‘பராமரிப்பாளர்’ என்றே எழுதியிருக்கிறேன். அவள் பெயரை நான் ஓரிடத்திலும் எழுதவில்லை.